மன்னாவும் சமநிலையும்

‘போதாது’ என்னும் அச்சம் வறுமையினால் மட்டும் பிறப்பதன்று. பார்வோனுக்குப் பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டிய இஸ்ரவேலர், விடுதலை பெற்ற பின்னரும் அவ்வச்சத்தைச் சுமந்தே வனாந்தரத்திற்குள் சென்றனர். கட்டளையை மீறி விடியற்காலம்வரை வைத்த மன்னா பூச்சிபிடித்து நாறிற்று (யாத். 16:20). ஆயினும், ஓய்வுநாளுக்கென வைத்தது கெடவில்லை (16:24). ஆகவே சேமிப்புத் தன்னிலே குற்றமன்று. தேவனுடைய வார்த்தையை நம்பாத சேமிப்பே இங்குக் கண்டிக்கப்படுகிறது.

இப்பகுதியைப் பவுல் கையாளும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்குக் காணிக்கை சேர்க்கையில், அவர் யாத். 16:18-ஐ எடுத்துக்காட்டி (2 கொரி. 8:15), ‘இசொட்டேஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லால் சமநிலையை வற்புறுத்துகிறார். அன்று வானத்திலிருந்து வந்த ஈவு, இப்பொழுது சகோதரரின் கைகள் வழியாய் வருகிறது. இதற்கு அவர் காட்டும் முன்மாதிரி செல்வரல்லர். கொடிய தரித்திரத்திலும் உதாரமாய்க் கொடுத்த மக்கெதோனியாச் சபையாரே.

1910-இல் லுஷாய் மலைகளில், அதாவது இன்றைய மிசோரமில், கிறிஸ்தவப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் திருப்பணிக்கென எடுத்துவைக்கத் தொடங்கினர். மிகுதி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

எனினும், ‘கொடுத்தால் பெருகும்’ என்று பசித்தோரிடம் வசூலிப்பதற்கு இவ்வேதபகுதி இடந்தராது. பிறருக்கு இளைப்பாறுதலும் கொடுப்போருக்கு வருத்தமும் உண்டாவது தம் நோக்கமன்று எனப் பவுலே தெளிவாக்குகிறார் (8:13). ஆதலால் போதகர் முதலாவது கேட்கவேண்டிய கேள்வி, ஏழை எவ்வளவு கொடுத்தார் என்பதன்று. மிகுதியுள்ள சபையின் பணம் குறைவுள்ள சபையைச் சென்றடைகிறதா என்பதே. அச்சம் நீங்கியதற்குச் சான்று பிரசங்கத்திலன்று, சபையின் கணக்கேட்டில் காணப்படும்.