ஊசி போட்ட தோளில் மாதக்கணக்கில் வலியா? அமெரிக்காவில் இழப்பீடு கிடைப்பது எப்படி?

ஃப்ளூ தடுப்பூசி போட்டால் ரெண்டு நாள் கை வலிக்கும், அப்புறம் சரியாகிவிடும். ஆனால், சிலருக்கு அந்த வலி போவதே இல்லை. சட்டை மாட்டக்கூட கையைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்படுகிறார்கள். அமெரிக்காவில் இந்தத் தோள்பட்டைக் காயத்துக்கு ‘சிர்வா’ என்று பெயர்.

இங்கே வில்லன் மருந்து அல்ல, ஊசி இறங்கிய இடம். மேல்கைத் தசையில் போட வேண்டியதை, தோள் மூட்டை ஒட்டி ரொம்ப மேலே குத்திவிட்டால் உள்ளே வீக்கம் வரும்.

இழப்பீடு கேட்க ஊசி போட்டவர் மீதோ, மருந்து கம்பெனி மீதோ எடுத்த எடுப்பில் வழக்குப் போட முடியாது. 1986-ம் ஆண்டு சட்டப்படி, முதலில் தேசிய இழப்பீட்டுத் திட்டத்துக்குத்தான் போக வேண்டும். மனுவை வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு, மத்திய சுகாதாரத்துறை அமைச்சர். பணம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு டோஸிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வசூலிக்கும் வரியிலிருந்து.

2017-ல் சிர்வா அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். அந்தத் தோளில் ஏற்கெனவே பிரச்னை இருந்திருக்கக் கூடாது. வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். வேறு நோய் காரணமாக இருக்கக் கூடாது. இவை பொருந்தினால், ஊசிதான் காரணம் என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை.

சிக்கலே இங்கேதான். ‘தானா சரியாகிடும்’ என்று நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு டாக்டரிடம் போகிறார்கள். வலி எப்போது தொடங்கியது என்பது ஃபைலில் தெளிவாக இருக்காது. எந்தக் கையில் ஊசி போட்டார்கள் என்பதுகூட சில சமயம் பதிவாகியிருக்காது. எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்வது இதைத்தான். முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே ஊசி போட்ட தேதி, கை, வலி தொடங்கிய நாள் மூன்றையும் சொல்லி எழுத வைப்பது முக்கியம்.

பாதிப்பு 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் அல்லது மருத்துவமனையில் சேர்ந்து அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். நோய் என்னவென்று டாக்டர் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல!

வலி, வேதனைக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர். சிகிச்சைச் செலவும் சம்பள இழப்பும் தனி. வக்கீல் ஃபீஸையும் திட்டமே தருகிறது. நியாயமான அடிப்படையோடு, நல்ல நோக்கத்தோடு போட்ட மனுவாக இருந்தால் தோற்றாலும் கிடைக்கும்.

கோவிட் தடுப்பூசி இதில் வராது. அதற்கு வேறு திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரே வருடம்தான் அவகாசம். வலிக்குப் பணம் கிடையாது, வக்கீல் ஃபீஸும் கைக்காசுதான்.