அணுமின் நிலையத்தில் என்ஜினீயர் ஆக என்ன படிக்கணும்? 'நியூக்ளியர்' பட்டம் கட்டாயம் இல்லை

நெல்லை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்துட்டா ராதாபுரம், செட்டிகுளம் பக்கம் டீக்கடைகளில் இந்த பேச்சுதான். "பையனை கூடங்குளத்துக்கு என்ஜினீயரா அனுப்பணும்னா எந்த காலேஜ்ல சேர்க்கணும்?"

'நியூக்ளியர் என்ஜினீயரிங்' என்று பெயர் போட்ட பட்டம் வாங்கினால்தான் உள்ளே நுழைய முடியும் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அதற்காக நிலத்தை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

அணு உலை என்றாலும் அங்கே இருப்பதில் பெரும்பகுதி பம்பு, வால்வு, குழாய், டர்பைன், ஜெனரேட்டர்தான். அதனால் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், கெமிக்கல், எலக்ட்ரானிக்ஸ், சிவில் படித்தவர்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள். பக்கத்து அரசு கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைத்தாலே போதும். 60 சதவீத மார்க்கும், 'கேட்' தேர்வில் நல்ல ஸ்கோரும் வேணும்.

அணுவைப் பற்றிய படிப்பை அவங்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சி பள்ளி 1957-ல் இருந்து நடக்கிறது. கல்பாக்கத்திலும் பயிற்சி உண்டு. என்ஜினீயரிங் முடித்தவர்களுக்கு ஒரு வருஷ படிப்பு. கேட் ஸ்கோர் அல்லது அவர்களே நடத்தும் ஆன்லைன் தேர்வு, பிறகு நேர்முகத் தேர்வு. படிக்கும்போதே உதவித்தொகை தருவாங்க. முடித்தபின் குறைந்தது 3 வருஷம் அங்கே வேலை பார்க்கணும். கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகமும் கேட் ஸ்கோரை வைத்து ஆள் எடுக்கிறது.

அணைச்சாலும் அடங்காத அடுப்பு

அப்படி என்னதான் படிக்கிறார்கள்? முக்கியமானது வெப்பம். விறகு அடுப்பை அணைத்த பிறகும் தணல் கிடக்கும் இல்லையா? அணு உலையும் அப்படித்தான். உலையை நிறுத்தின நிமிஷத்திலும் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துக்கிட்டே இருக்கும். போகப் போகத்தான் குறையும். அதுவரை தண்ணீர் ஓடணும். 2011-ல் ஜப்பான் புகுஷிமாவில் உலை நின்றுவிட்டது. ஆனால் சுனாமியில் கரண்ட் போய், தண்ணீர் ஓடவில்லை. அதனால்தான் எரிபொருள் உருகியது.

சுற்றுச்சூழல் படிப்பும் இங்கேதான் வந்து சேருகிறது. கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் உலை ஒன்றில் சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாகிறது. மூன்றில் ஒரு பங்குதான் கரண்ட் ஆகும். மீதி கடல் தண்ணீரோடு போகிறது. வெளியே விடும் தண்ணீரின் சூடு, கடலைவிட 7 டிகிரிக்கு மேல் கூடக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறது. இடிந்தகரை மீனவர்கள் மீனுக்காக சண்டை போட்டது சும்மா இல்லை.

மீன், பால், காய்கறி, மண் எல்லாவற்றையும் எடுத்து சோதிக்க ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் தனி சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு. பால் எதற்கு என்று கேட்கலாம். கதிரியக்க அயோடின் கசிந்தால் புல்லில் படியும், மாடு தின்னும், பால் வழியாக குழந்தையின் தைராய்டுக்குப் போகும். அயோடின்-131, 8 நாளில் பாதியாகக் குறைஞ்சிடும். சீசியம்-137 பாதியாக 30 வருஷம் ஆகும். இதைக் கணக்கு போடத் தெரிஞ்சவங்க நம்ம ஊரிலேயே இருந்தால் நல்லதுதானே.

சுற்றுச்சூழல் என்ஜினீயரிங் தனியாகப் படிக்க நினைப்பவர்கள், சிவில் முடித்துவிட்டு சென்னை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் எம்.இ. சேரலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் எரிசக்தி, சுற்றுச்சூழல் பொறியியலில் பி.டெக். இருக்கிறது. அணுமின் நிலையம் கிடைக்காவிட்டாலும் மாசு கட்டுப்பாட்டு வாரியம், சாயப்பட்டறை, தோல் தொழிற்சாலை சுத்திகரிப்பு நிலையம் என்று வேலை இருக்கு.

ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் வழி

டிப்ளமோ, பி.எஸ்சி., ஐ.டி.ஐ. முடித்தவர்கள், பிளஸ்-2 அறிவியல் பிரிவில் 50 சதவீதம் வாங்கியவர்களுக்கு உதவித்தொகையுடன் பயிற்சி வேலை உண்டு. டிப்ளமோ, பி.எஸ்சி.க்கு 18 மாதம், மற்றவர்களுக்கு 2 வருஷம். உயரம் 160 செ.மீ., எடை 45.5 கிலோ இருக்கணும். மார்க் இருந்தும் உயரத்தில் அடிபட்டு வருபவர்கள் உண்டு. முதலிலேயே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே தேர்வு வழிதான். "உள்ளே ஆள் இருக்கு, லட்சம் கொடு" என்று வரும் புரோக்கர்களிடம் பணம் கட்டவேண்டாம். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டு, செப்டம்பரில் வரும். தேர்வு பிப்ரவரியில் நடக்கும்.