ஒரே கூரை, பல கடைகள்: சர்வர் மாற்றத்துக்கு முந்தைய நாட்கள்

‘பராமரிப்புப் பணி காரணமாக ஞாயிறு அதிகாலை சில மணி நேரம் சேவைகள் இயங்கா’ என்னும் குறுஞ்செய்தியை நம்மில் பெரும்பாலோர் படித்தவுடன் அழித்துவிடுகிறோம். அந்தச் சில மணி நேரத்துக்குப் பின்னே பல வார உழைப்பு உண்டு. புதிய இயந்திரத்தைப் பூட்டுவது அதில் மிகச் சிறிய பங்கே.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நீண்ட ஓட்டுக்கூரையின்கீழ் நிற்கும் ஒரு கடைவரிசையை எண்ணிப் பாருங்கள். பலசரக்குக்காரருக்கும் பாத்திர வணிகருக்கும் பூட்டு வேறு, கல்லாப்பெட்டி வேறு. கூரை மட்டும் பொது. வங்கிகளின் பெரிய சர்வர்களும் இவ்வாறே பகுக்கப்பட்டவை. ஒரு பகுதியில் கணக்குப் பதிவுகள், மற்றொன்றில் ஏ.டி.எம். இணைப்பு, இன்னொன்றில் சோதனைப் பணிகள். ஒன்று முடங்கினாலும் அடுத்தது ஓடும். பெருங்கணினிகளில் ஐ.பி.எம். நிறுவனம் 1988-இலேயே புகுத்திய முறை இது. ஆனால் கூரையை மாற்ற வேண்டுமெனில் எல்லாக் கடைகளுக்கும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே முதற்பணி கணக்கெடுப்பு. ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம், எந்த வட்டு, எந்தப் பிணைய அட்டை என்பதைத் தாளில் இறக்குவர். பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் இரகசிய உறவுகள் இங்கேதான் வெளிப்படும்: யாரும் பொருட்படுத்தாத சோதனைப் பகுதியின் வழியாகத்தான் ஓர் அச்சுப்பொறி இணைந்திருக்கும். சில மென்பொருள்களின் உரிமக் குறியீடு இயந்திரத்தின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டிருக்கும்; புதிய குறியீட்டை முன்கூட்டியே பெறாவிட்டால் புதிய இயந்திரத்தில் பழைய மென்பொருள் திறக்க மறுக்கும். பிறகு காப்புப் பிரதி. பிரதி எடுத்தால் போதாது, வேறோர் இயந்திரத்தில் அதை மீட்டெடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நிறுத்தும் வரிசையும் முக்கியம்: வாடிக்கையாளரைத் தொடும் வழிகள் முதலில், தரவுத்தளம் கடைசியில், தொடங்கும்போது தலைகீழ். இன்ன மணிக்குள் வேலை முடியாவிட்டால் பழைய இயந்திரத்துக்கே திரும்புவது என்ற முடிவை முந்தைய பகலிலேயே எழுதி வைப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்குக் களைத்த மனிதர்கள் எடுக்கும் முடிவுகளை நம்புவதற்கில்லை.

பெரிய அளவில் நடந்த மாற்றம் ஒன்றைத் திருவனந்தபுரம் அறியும். 1945-இல் திருவிதாங்கூர் பாங்க் லிமிடெட் எனத் தொடங்கி, 1960-இல் பாரத ஸ்டேட் வங்கியின் துணை வங்கியாகி, பூஜப்புரையில் தலைமையகம் கொண்டிருந்த ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், 2017 ஏப்ரல் 1 அன்று தாய் வங்கியோடு இணைந்தது. முன்பு திருவிதாங்கூரில் இருந்த நாகர்கோவில், தக்கலைப் பகுதிக் குடும்பங்களுக்கும் அது பழகிய பெயர். இரு வங்கிகளும் முன்பே ஒரே மைய வங்கி மென்பொருளில் இயங்கியவை. அப்படியிருந்தும் பெயர்ப்பலகை மாறிய அன்றே கணக்குகள் சேர்ந்துவிடவில்லை; பின்வந்த வாரங்களில்தான் தரவுகள் இணைக்கப்பட்டன. SBTR எனத் தொடங்கிய கிளைக் குறியீடுகள் SBIN என மாறின.

இதற்கு மாறான அனுபவம் இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கியுடையது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் புதிய தளத்துக்கு மாறியது. தரவுகள் பழுதின்றி வந்து சேர்ந்தன. தளம்தான் சுமை தாங்கவில்லை. ஏறத்தாழ 19 லட்சம் பேர் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். இரண்டு தரவு மையங்களில் ஒன்று மட்டுமே முழுச்சுமையில் சோதிக்கப்பட்டிருந்தது என்பது பின்னர் விசாரணையில் தெரிந்தது. 2022-இல் ஒழுங்குமுறை அமைப்புகள் 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன.

நம் நாட்டில் நேரம் இன்னும் சுருங்கிவிட்டது. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் முதல் ஆர்.டி.ஜி.எஸ். ஆகியவை நாள் முழுதும் இயங்குகின்றன. யு.பி.ஐ. உறங்குவதே இல்லை. ஊதிய நாள், ஓணத்துக்கு முந்தைய வாரம், மார்ச் முடிவு ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டால் பொறியாளர்களுக்கு மிஞ்சும் இரவுகள் சிலவே. முக்கிய அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்று மையப் பயிற்சி நடத்த வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்திருப்பதை வீண் சுமை எனச் சிலர் முணுமுணுப்பதுண்டு. அந்தப் பயிற்சியில்தான் மறந்துபோன அச்சுப்பொறி அகப்படும்.

அந்த இரவில் பயணம் செல்வோரும் மருத்துவமனையில் இருப்போரும் சிறிது பணத்தைக் கையில் வைத்திருப்பது நலம். பரிவர்த்தனை பாதியில் நின்றால் உடனே மறுபடி அனுப்பாமல், குறிப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு கணக்கைச் சரிபாருங்கள். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் கழிந்தால் 5 நாட்களுக்குள்ளும், யு.பி.ஐ. வழியே ஒருவருக்கு அனுப்பிய பணம் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள்ளும் அது திரும்ப வேண்டும் என்பது 2019 செப்டம்பர் 20-ஆம் நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகாருக்குக் காத்திராமல் வங்கியே அதை வரவு வைக்க வேண்டும்.