கண் சிகிச்சையும் அமைதி மருந்தும்

கண்புரையை அகற்றும்போது நோயாளி விழித்திருப்பார் என்றால் நம்மில் பலர் திடுக்கிடுகிறோம். கண்ணிலே கருவி படும்போது எவ்வாறு விழித்திருப்பது? இக்கேள்வியில் இரு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. வலி ஒன்று, அச்சம் மற்றொன்று. வலிக்கு வழி 1884-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரில் கிடைத்துவிட்டது. கார்ல் கொல்லர் என்னும் இளம் மருத்துவர் கொக்கேன் கரைசலைச் சொட்டாக விட்டுக் கண்ணை மரத்துப்போகச் செய்தார். இன்று அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் சொட்டாகவோ ஊசியாகவோ இடப்படுகின்றன. குழந்தைகளின் நிலை வேறு. பெரியவர்களை வலிக்காக உறங்கவைக்க வேண்டியதில்லை. அச்சத்தைத் தணிக்கவே அமைதி மருந்து. பலருக்கு அதுவும் வேண்டுவதில்லை.

வேண்டுமென்றால், எதைத் தருவது? மிடாஸோலம் என்னும் மருந்து விரைவில் மனத்தை அமைதிப்படுத்தும். நடந்ததை மறக்கவும் செய்யும். ஆயினும் முதியோர் சிலர் அதனால் தெளிவிழந்து குழம்புவதுண்டு. அமைதியுறுவதற்கு மாறாகப் பரபரப்படைவதும் உண்டு. மூச்சும் மந்தமாகலாம். அதன் வேகத்தை முறிக்க மாற்று மருந்து இருப்பது ஒரு நன்மை. புரோப்போஃபால் பால்போல் வெண்மையானது. நொடிகளில் உறக்கம் தரும். ஆனால் உறங்கியவர் திடுக்கென விழித்துத் தலையை அசைத்தால் என்னாவது? நுண்ணோக்கியின் கீழ் நடக்கும் வேலையில் மயிரிழை அசைவும் பெரிதல்லவா? ஆகவே கண்ணருகே ஊசி போடும் அச்சில கணங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவோர் உண்டு. டெக்ஸ்மெடிடோமிடின் தரும் துயில் இயற்கைத் துயிலை ஒத்தது. அழைத்தால் கண் விழிப்பார், மூச்சும் அதிகம் தளர்வதில்லை. ஆனால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் குறையும், மெல்ல மெல்லச் செலுத்தவேண்டும், தெளிவதற்கும் நேரமாகும். நாள் முழுதும் வரிசையாகச் சிகிச்சை நடக்கும் இடத்தில் இது சிறு குறையன்று.

அழைத்தால் விழிப்பார் என்றோமே, எந்த மொழியில் அழைத்தால்? பிற மாநிலங்களில் வாழும் நாம் இங்கேதான் கவனம் கொள்ளவேண்டும். தில்லியில் மகனுடன் தங்கியிருக்கும் தாயாருக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. கீழே பாருங்கள், அசையாதீர்கள் என்று டாக்டர் இந்தியில் சொல்கிறார். விழிப்பிலே புரியாத சொல் அரைமயக்கத்தில் புரியுமா? சொல்லுக்கு மறுமொழி வருகிறதா என்பதே மயக்கத்தின் ஆழத்தை அறியும் வழிகளுள் முதன்மையானது. மொழி புரியாமல் பேசாதிருப்பவரை மயக்கம் மிகுந்தவரென எண்ணிவிடலாம். மயக்கம் மிகுந்தவரை மொழி புரியாதவரென எண்ணுவது அதனினும் தீது.

ஆகையால் முன்கூட்டியே மயக்க மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுவோம். நான்கைந்து தமிழ்ச் சொற்களை அவர் வாசிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதே பொருளுள்ள இந்திச் சொற்களைத் தாயாருக்கும் பழக்கிவைக்கலாம். இருமல் வந்தால் தலையைத் தூக்காமல் எந்தச் சைகை காட்டவேண்டும் என்பதையும் பேசிவைத்துக்கொள்ளலாம். தாயார் உண்ணும் தூக்க மாத்திரை, நாடியைக் குறைக்கும் இருதய மாத்திரை, இரவில் மூச்சுத் திணறும் குறட்டை ஆகியவற்றை மறையாது தெரிவிக்கவேண்டும். மருந்தும் அளவும் இவற்றைப் பொறுத்தே மாறும்.

மிடாஸோலம் பெற்றவருக்குச் சிகிச்சை முடிந்தபின் சொல்லப்படும் குறிப்புகளும் நினைவில் நில்லாது போகலாம். எச்சொட்டு மருந்தை எத்தனை வேளை விடுவது என்பதை உடன் செல்பவரே கேட்டு எழுதிக்கொண்டு, வீட்டில் தமிழில் நிதானமாக மறுபடி சொல்லவேண்டும்.