எழுந்து நிற்கும் நாயகன்: 'கேட் அண்ட் லியோபோல்ட்' காட்டும் பழைய மரியாதையில் அப்படி என்ன இருக்கு?

சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பெண் நாற்காலியை விட்டு எழுகிறாள். எதிரில் இருப்பவனும் உடனே எழுந்து நிற்கிறான். 'இவன் எதுக்கு எழுந்திருக்கிறான்?' என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு பெண் எழும்போது ஆண் மட்டும் எப்படி உட்கார்ந்தே இருப்பான் என்பது அவனுக்குப் புரியவில்லை. காரணம் சிம்பிள். அவன் 1876-ல் இருந்து வந்தவன். அவள் 2001-ல் வாழ்பவள்.

'கேட் அண்ட் லியோபோல்ட்' படம் மொத்தமும் இந்த 125 வருட இடைவெளியை வைத்துத்தான் சிரிக்க வைக்கிறது. ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கத்தில் 2001 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் வெளியான டைம் ட்ராவல் ரொமான்டிக் காமெடி இது. நாயகி மெக் ரயன். நாயகன் ஹியூ ஜேக்மேன். அதற்கு முந்தைய வருடம்தான் 'எக்ஸ்-மென்' படத்தில் நகத்தை நீட்டி உறுமிக்கொண்டு அறிமுகமாகியிருந்தார். அவர் இதில் கோட்டு போட்டுக்கொண்டு குனிந்து வணக்கம் சொல்கிறார். 2017-ல் 'லோகன்' எடுத்ததும் இதே கூட்டணிதான் என்றால் நம்புவது கஷ்டம்.

இந்தப் படத்துக்காக ஜேக்மேனுக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. படத்துக்காக ஸ்டிங் எழுதிப் பாடிய பாடல் கோல்டன் குளோப் விருதையே வென்றது.

படம் வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 'இப்படி ஒருத்தன் இருந்தா எப்படி இருக்கும்?' என்ற ஏக்கம் போகவில்லை. அந்தப் பழைய மரியாதையில் நம்மை இழுப்பது எது? அதற்கு அந்தக் காலம் கொடுத்த விலை என்ன?

கதை என்ன?

1876, நியூயார்க். லியோபோல்ட் இங்கிலாந்தில் இருந்து வந்த பிரபு. பட்டம் இருக்கிறது, பணம் இல்லை. பணக்கார அமெரிக்கப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கோ என்று சித்தப்பா நெருக்குகிறார். இவனுக்கோ மனசெல்லாம் இயந்திரங்கள் மேல். லிஃப்ட் ஒன்றுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனை மறைந்திருந்து கவனிக்கிறான் ஒருவன். அவன் பெயர் ஸ்டூவர்ட். புரூக்ளின் பாலத்துக்குப் பக்கத்தில் காலத்துக்குள் ஒரு வழி திறப்பதைக் கண்டுபிடித்து 2001-ல் இருந்து வந்தவன். லியோபோல்ட் அவனைத் துரத்த, இருவரும் பாலத்தில் இருந்து விழுகிறார்கள். கண் விழித்தால் 2001.

ஸ்டூவர்ட்டின் முன்னாள் காதலி கேட். மார்க்கெட் ரிசர்ச் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பிரமோஷனுக்காக ஓடிக்கொண்டிருக்கிறாள். காதல் மேல் நம்பிக்கை போய்விட்டது. அவள் தம்பி சார்லி ஒரு நடிகன். லியோபோல்டும் தன்னைப் போல் ஒரு நடிகன், பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் நடிக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறான். மீதியை ஊகிப்பது கஷ்டமில்லை.

வரலாறு ஒத்துப்போகுதா?

இந்த இடத்தில் படம் செமையாகச் சறுக்குகிறது.

கதை தொடங்கும்போது புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ரோப்ளிங் கூட்டத்தின் முன் பேசுவது போல் காட்டுகிறார்கள். நிஜத்தில் ஜான் ரோப்ளிங் 1869-லேயே இறந்துவிட்டார். பொறுப்பை ஏற்ற மகன் வாஷிங்டன் ரோப்ளிங், ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று அடைத்த அறைகளில் இறங்கி வேலை பார்த்ததால் நோயில் விழுந்தார். 1876-ல் அவர் மேடை ஏறிப் பேசும் நிலையில் இல்லை. அவருக்கும் வேலை நடக்கும் இடத்துக்கும் நடுவில் பாலமாக இருந்தது மனைவி எமிலி. பாலம் திறக்கப்பட்டது 1883-ல்.

லிஃப்ட் கதையும் அப்படித்தான். கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்டை எலிஷா ஓட்டிஸ் 1850-களிலேயே நியூயார்க்கில் செய்து காட்டிவிட்டார். 1857-ல் பிராட்வேயில் ஒரு கடையில் ஆட்கள் ஏறிப் போகும் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. படத்தில் லியோபோல்டின் வேலைக்காரர் பெயர் ஓட்டிஸ். தெரிந்தே அடித்த ஜோக் அது.

ஓபரா பற்றி அளந்துவிடும் கேட்டின் பாஸை, 'லா போஎம்' கதையைச் சரியாகச் சொல்லி லியோபோல்ட் மடக்குவான். கைதட்டல் வாங்கும் காட்சி. ஆனால் அந்த ஓபரா முதலில் மேடையேறியது 1896-ல். அவன் கிளம்பி வந்து 20 வருடம் கழித்து!

ஒன்றை மட்டும் படம் கச்சிதமாகப் பிடித்திருக்கிறது. அதுதான் பட்டத்துக்கும் பணத்துக்கும் நடந்த கல்யாண வியாபாரம். 19-ம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கடனில் இருந்த ஆங்கிலப் பிரபுக் குடும்பங்கள் அமெரிக்கப் பணக்காரப் பெண்களைத் தேடின. வின்ஸ்டன் சர்ச்சிலின் அம்மா ஜென்னி ஜெரோம் புரூக்ளினில் பிறந்தவர். 1874-ல் ராண்டால்ஃப் சர்ச்சில் பிரபுவை மணந்தார். 1895-ல் கான்சுவேலோ வாண்டர்பில்ட்டை மார்ல்பரோ பிரபுவுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் மனம் வேறொருவரிடம் இருந்தது. அம்மாவின் வற்புறுத்தலில் நடந்த கல்யாணம் அது. படத்தில் அந்த இடத்தில் ஆணை நிற்க வைத்திருக்கிறார்கள். ஏலம் போகிறவன் லியோபோல்ட்.

வசீகரம் எங்கே இருக்கு?

பார்க்கில் கேட்டின் பையைத் திருடன் பறிக்கும்போது, வெள்ளைக் குதிரையில் ஏறித் துரத்துகிறான் லியோபோல்ட். ட்ரெய்லருக்கான காட்சி அது. ஆனால் கேட் மனம் மாறுவது இன்னொரு இடத்தில்.

கேட்டின் பாஸோடு நடந்த அந்த ஓபரா டின்னரில் லியோபோல்ட் எல்லை தாண்டிவிடுகிறான். அவளுக்குக் கோபம். சாரி என்று ஒரு வார்த்தை போட்டுக் கடந்துபோகிற ஆள் இல்லை அவன். உட்கார்ந்து கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதுகிறான், மொட்டை மாடி விருந்துக்கு அழைக்கிறான். மெழுகுவர்த்தி, வயலின் எல்லாம் உண்டு. ஆனால் அவளைத் தொடுவது அந்தக் கடிதம். தான் செய்த தவறு எது என்பதை யோசித்து, அவளுக்காக நேரம் எடுத்து ஒருவன் எழுதியிருக்கிறான்.

சார்லிக்குச் சொல்லும் பாடமும் அதேதான். சார்லி தனக்குப் பிடித்த பெண்ணின் முன்னால் கோமாளித்தனம் செய்து கூட்டத்தைச் சிரிக்க வைக்கிறான். அவள் சிரிக்கிறாள், ஆனால் அவன் மனசில் இருப்பது அவளுக்குத் தெரியவே இல்லை. நினைப்பதை நேராகச் சொல் என்கிறான் லியோபோல்ட். 'சும்மாதான் சொன்னேன்' என்று பின்வாங்கும் வழியை அடைத்துவிட்டுப் பேசச் சொல்கிறான்.

எழுந்து நிற்பது, கடிதம், நேரான பேச்சு. மூன்றிலும் இருப்பது ஒன்றுதான்: நீ இங்கே இருக்கிறாய், அதை நான் கவனித்தேன். மரியாதை என்று நாம் ஏங்குவது இந்தக் கவனத்துக்குத்தான்.

அப்போ பழைய காலமே பெஸ்ட்டா?

இல்லை. லியோபோல்ட் நாயை நடக்கக் கூட்டிப்போகும் காட்சியைப் பாருங்கள். நாய் தெருவில் அசிங்கம் செய்கிறது. அள்ளச் சொல்கிறார் பெண் போலீஸ். பிரபுவுக்கு வந்ததே கோபம்! அள்ள மறுத்து அபராத ரசீதோடு வீடு திரும்புகிறான்.

நாய் அசிங்கத்தை உரிமையாளர்தான் அள்ள வேண்டும் என்ற சட்டம் நியூயார்க்கில் நடைமுறைக்கு வந்தது 1978-ல். அடுத்து அந்த வழியாக நடந்து வருபவர் யாரென்றே தெரியாது. அவர் காலில் படக் கூடாதே என்று குனிந்து அள்ளுவதும் மரியாதைதான். இந்த நூற்றாண்டின் மரியாதை. அதில் லியோபோல்ட் ஃபெயில். அவன் ஊரில் அந்த வேலைக்கு வேறு ஆள் இருந்தார். எஜமானர் கை அழுக்காகாமல் நாகரிகமாக இருக்க, ஓட்டிஸ் மாதிரி யாரோ ஒருவர் பின்னால் உழைத்துக்கொண்டிருந்தார்.

அதே 1870-களின் நியூயார்க்கை வேறு மாதிரி காட்டுகிறது 'தி ஏஜ் ஆஃப் இன்னசன்ஸ்' நாவல். 1862-ல் அந்த நகரத்திலேயே பிறந்த ஈடித் வார்ட்டன் எழுதி 1920-ல் வெளியானது. அடுத்த வருடம் புலிட்சர் விருது பெற்றது. 1993-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி படமாக எடுத்தார். கணவனை விட்டு வந்த எலன் என்ற பெண்ணை அந்த மேல்தட்டுச் சமூகம் வெளியேற்றுகிறது. யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. அருமையான ஒரு வழியனுப்பு விருந்து வைக்கிறார்கள். எல்லாரும் அன்பாகப் பேசுகிறார்கள். அவ்வளவுதான், அவள் கதை முடிந்தது. ஒரு குரல்கூட உயராமல் ஒருத்தியை ஒழித்துக்கட்டவும் அதே நாகரிகம் பயன்பட்டது.

லியோபோல்ட் நமக்குப் பிடிக்க ஒரு முக்கியக் காரணம், அவன் 2001-ல் இருப்பதுதான். இங்கே அவனுக்குச் சொத்து கிடையாது, செல்வாக்கு கிடையாது. அதிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரியாதையை மட்டும் கொண்டு வந்திருக்கிறான்.

கேட் குதித்தது சரியா?

இறுதிக் காட்சியை இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

கேட் எதற்காக ஓடினாளோ அந்தப் பிரமோஷன் கிடைக்கிறது. அதை அறிவிக்கும் விழாவில் இருந்தே கிளம்பி, புரூக்ளின் பாலத்தில் இருந்து குதித்து 1876-க்குப் போகிறாள். லியோபோல்ட் அவளை மணப்பெண்ணாக அறிவிக்கிறான். சுபம்.

ஆனால் அவள் போய் இறங்கிய வருடம் எப்படிப்பட்டது? நியூயார்க் மாநிலத்தில் அதற்கு நான்கு வருடம் முன்பு, 1872-ல், ஓட்டுப் போட்ட குற்றத்துக்காக சூசன் பி. ஆன்டனி கைது செய்யப்பட்டார். 100 டாலர் அபராதம். அதை அவர் கட்டவே இல்லை. 1876 ஜூலை 4-ம் தேதி, அமெரிக்கச் சுதந்திரத்தின் நூற்றாண்டு விழா. பிலடெல்பியாவில் நடந்த அந்த விழாவுக்குள் சில பெண்களோடு நுழைந்து, பெண்களின் உரிமைப் பிரகடனத்தை மேடையில் கொடுத்தார். பிறகு வெளியே வந்து கூட்டத்துக்குப் படித்துக் காட்டினார். திருமணமான பெண்ணுக்குச் சொத்து உரிமை, சம்பாத்தியத்தின் மேல் உரிமை ஆகியவை நியூயார்க்கில் அதற்கு முன்பே சட்டமாகியிருந்தன. ஓட்டுரிமை வந்ததோ 1917-ல். கேட் அங்கேயே வாழ்ந்தால் 41 வருடம் காத்திருக்க வேண்டும்.

அவள் எழுந்தால் ஆண்கள் எழுந்து நிற்பார்கள். அவளால் ஓட்டுப் போட முடியாது. இந்தக் கணக்கைப் படம் போடவில்லை.

இன்னொரு கணக்கையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். முதலில் எடுத்த கதையில் ஸ்டூவர்ட், லியோபோல்டின் வம்சத்தில் வந்தவன். அப்படியென்றால் கடந்த காலத்துக்குப் போய்க் கல்யாணம் செய்யும் கேட், தன் முன்னாள் காதலனுக்கே பாட்டிக்குப் பாட்டி முறை ஆகிறாள்! தியேட்டருக்கு வரும் முன் அந்த வசனங்களை நீக்கினார்கள். பின்னர் வந்த டைரக்டர்ஸ் கட்டில் அவை திரும்ப வந்தன.

பாலத்தில் இருந்து குதிக்காமல் வழி இருக்கா?

படத்திலேயே இருக்கிறது. விளம்பரத்தில் நடிக்கும் லியோபோல்ட், அந்த மார்ஜரினைச் சாப்பிட்டுப் பார்த்ததும் நடிக்க மறுத்துவிடுகிறான். நன்றாக இல்லாததை நன்றாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? கேட் எரிச்சலாகிறாள். வாழ்வதற்கு இதையெல்லாம் செய்துதான் ஆகணும் என்பது அவள் பக்கம். படுத்தால் சாப்பாடு தானாக வரும் பிரபுவுக்கு நேர்மை சுலபம், வாடகை கட்டுகிறவளுக்கு அல்ல. இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. படத்தின் நேர்மையான சண்டை இதுதான்.

அவனுடைய பட்டத்தையும் வேலைக்காரரையும் 1876-லேயே விட்டுவிடலாம். சார்லி அப்படித்தான் செய்தான். பாலத்தில் இருந்து குதிக்கவில்லை, 2001-லேயே இருந்தான். கோமாளித்தனத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பெண்ணிடம் மனசில் இருப்பதைப் பேசினான். அதற்கு எந்தக் காலத்துக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.