இணையத்து அவதூறும் சட்டத்தின் எல்லையும்

பொருள் போனால் மீளத் தேடலாம். நற்பெயர் போனால் மீட்டல் அரிது. அதனாலன்றோ வள்ளுவர் புறங்கூறாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார்! முன்னாளில் எழுவான்கரையிலே ஒருவர்மேற் சுமத்திய பழி படுவான்கரையை எட்டுதற்குக் குருமண்வெளித் துறையில் தோணி ஏறவேண்டும். அது மண்டூரிற் கரையேறுமுன் உண்மை தெரிந்தோர் மறுத்துவிடுதலும் கூடும். இன்றோ, கைத்தொலைபேசியில் ஒரு விரலசைவு போதும்; இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் இல்லங்களுக்கும் அப்பழி அக்கணமே சென்றுவிடுகின்றது. இதற்குச் சட்டம் தரும் பரிகாரம் யாது, அதன் இடர்ப்பாடுகள் யாவை என்பனவற்றை ஈண்டுச் சுருங்க நோக்குவாம்.

ஒருகாலத்தில் அவதூறு நம் நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாயிருந்தது. சனாதிபதியை அவதூறு செய்தாரெனப் பத்திரிகாசிரியர் ஒருவர் 1997 இல் தண்டிக்கப்பட்டதும் உண்டு. பேச்சுரிமைக்கு இது பகையென்னும் கருத்து வலுப்பெறவே, 2002 இல் பாராளுமன்றம் அப்பிரிவுகளை நீக்கியது. ஆயினும், உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் வழியே நட்டஈடு கோரும் உரிமை இன்றும் உண்டு. இச்சட்டத்தின் நுட்பமொன்று அறியத்தக்கது: கூறியது உண்மை என்பது மட்டும் தக்க எதிர்வாதமாகாது, பொதுநன்மைக்காகவே கூறப்பட்டது என்பதும் நிலைநாட்டப்படல் வேண்டும்.

இனி, இடர்ப்பாடுகளைக் காண்போம். முதலாவது, எழுதியவர் யாரென அறிதல். புனைபெயரில் மறைந்திருப்பவரை எதிராளியாக்குதல் எங்ஙனம்? அவர்தம் விபரம் கடல்கடந்த நிறுவனங்களின் கையில் உள்ளது. இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆளைத் தேடும்போதே காலம் கழிந்துவிடும்.

இரண்டாவது, இடம். அமெரிக்காவிலிருந்து வெளியான கட்டுரையொன்றால் தம் பெயர் கெட்டதென, மெல்பேர்ணைச் சேர்ந்த வணிகர் ஜோசப் குட்னிக் டவ் ஜோன்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். வாசிக்கப்படும் இடமே அவதூறு நிகழும் இடம் என, 2002 இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்த்தது. இங்கிருந்து எழுதுவோர் பிறநாட்டுச் சட்டத்துக்கும் ஆளாகலாம் என்பதே இதன் பொருள்.

மூன்றாவது, சான்று. பதிவு நொடியில் அழிக்கப்படும். கணினிச் சான்றை ஏற்க 1995 ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. எனினும் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்பினர்க்கு அறிவித்தல் முதலிய விதிகள் உள.

நான்காவது, பரப்பியவர் பொறுப்பு. நம்மைப் போலவே உரோமன் ஒல்லாந்தச் சட்டம் வழங்கும் தென்னாபிரிக்காவில், 2013 இல் ஒரு வழக்கு நடந்தது. மனைவி முகநூலில் எழுதிய அவதூற்றில் தம் பெயர் இணைக்கப்பட்டதை அறிந்தும் வாளாவிருந்த கணவரும் பொறுப்பாளியே என்று தீர்ப்பாயிற்று. “நான் எழுதவில்லை” என்பது எப்போதும் காப்பாகாது.

இவ்விடர்களை நோக்கி, 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அவதூறு என்னும் பெயராலன்றி, பொய்க்கூற்று, துன்புறுத்தல் முதலிய தலைப்புகளின்கீழ், பாதிக்கப்பட்டோர் நீதவான் நீதிமன்றத்தை நாட அது வழிசெய்தது. ஆனால், உயர் நீதிமன்றம் சுட்டிய திருத்தங்கள் முற்றாகச் சேர்க்கப்படவில்லை எனும் குற்றச்சாட்டின்பேரில் சபாநாயகர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையும் எழுந்து, தோல்வியுற்றது.

அச்சம் காரணமற்றதன்று. இந்தியாவில் 2012 இல், கடையடைப்பொன்றைப் பற்றி முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் கைதாயினர். அதற்கு இடமளித்த 66ஏ என்னும் பிரிவை 2015 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென நீக்கியது. மானத்தைக் காக்கப் பிறந்த சட்டம் வாயைப் பூட்டும் சட்டமாகவும் மாறலாம்.

ஆகவே, சட்டம் தளர்ந்தால் எளியோர் மானம் அழியும். இறுகினால் நேர்மையான விமர்சனம் அழியும். இவ்விரண்டுக்கும் இடையே சட்டம் நடக்கின்றது. அதன் நடையோ மெல்லியது. பழி ஊரெங்கும் பரந்து, ஒரு மாணவியின் படிப்போ ஒரு குடும்பத்தின் அமைதியோ குலைந்த பின்னரே தீர்ப்பு வருகின்றது. நட்டஈடு பணத்தைத் தரும். போன நாட்களைத் தராது.

மாணவர்காள்! பிறர்மேல் வந்த பழிமொழியைப் பகிருமுன், இஃது உண்மையா, இதனால் யாருக்கு நன்மை, என் பெயரிட்டு இதைச் சொல்வேனா என மூன்று வினாக்களை உங்களையே வினவுங்கள். பழிக்கு ஆளாயின், உடனே பதிவைப் படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து, சட்டத்தரணியை நாடுங்கள். பதிலுக்குப் பழி எழுதாதீர்கள்; அது வழக்கைக் கெடுக்கும்.