வீட்டுக் குடிநீர் வால்வுகளும் அவற்றின் பராமரிப்பும்

குழாயினின்று சொட்டும் நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 20 துளிகள் எனக் கொண்டால், வினாடிக்கு ஒரு துளி வீதம் ஒரு நாளில் ஏறத்தாழ 4.3 லிட்டரும், ஓர் ஆண்டில் 1,570 லிட்டருக்கு மேலும் வீணாகின்றது. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம் கிராமங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். ஆகவே, ஓராண்டில் ஒழுகும் நீர் ஒருவருடைய நான்கு வாரத் தேவைக்கு ஈடாகும்.

இழப்பினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பல ஊர்களில் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே நீர் விடப்படுகின்றது. விநியோகம் நின்றதும் குழாய்வழியிலுள்ள நீர் தாழ்வான இடங்களுக்கு வடிகின்றது. மேட்டுப் பகுதியில் உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தினும் குறையலாம். அவ்வேளையில் வால்வு திறந்திருந்து, அதில் மாட்டிய ரப்பர்க் குழாயின் முனை அழுக்கு நீரில் அமிழ்ந்திருக்குமாயின், அந்நீர் உள்ளே உறிஞ்சப்படும். தரைமட்டத்திற்குக் கீழே குழியில் அமைத்த குழாய்க்கும், சாக்கடையை ஒட்டிய பழுதான இணைப்புக்கும் இது பொருந்தும். மீண்டும் நீர் வரும்போது அவ்வழுக்கு அண்டை வீடுகளையும் அடைகின்றது. நீரில் எஞ்சியுள்ள குளோரினும் அதனால் செலவழிந்துவிடலாம். டைபாய்டு, காமாலை, வாந்திபேதி ஆகியவை பரவ இது வழியாகும்.

சாதாரணப் பித்தளைக் குழாயின் உள்ளே வட்டமான இருக்கை ஒன்று உண்டு. கைப்பிடியைத் திருகும்போது தண்டு இறங்கி, தன் அடியிலுள்ள வாஷரை அவ்விருக்கையின்மீது அழுத்தி நீரைத் தடுக்கின்றது. வாஷர் தேய்ந்தால் வாய்ப்புறத்தில் நீர் சொட்டும். தண்டைச் சுற்றிய அடைப்பு தளர்ந்தால் கைப்பிடியருகே கசியும். எனவே, கசியும் இடமே பழுதின் இடத்தைக் காட்டிவிடும்.

வாஷரை மாற்றும் முறை வருமாறு:

1. வீட்டின் தலை வால்வை மூடி, குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடிக்க வேண்டும்.

2. குழாயைச் சிறிது திறந்த நிலையிலேயே வைத்து, ஸ்பேனரால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். உடற்பகுதியை மற்றொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளாவிடில், சுவரினுள் உள்ள இணைப்பு முறுக்குண்டு உடையக்கூடும்.

3. பழைய வாஷரின் அளவிலேயே புதியதைப் பொருத்த வேண்டும். இருக்கையில் பள்ளமோ உப்புப் படிவோ உளதா எனப் பார்த்தல் அவசியம். இருக்கை பழுதுற்றிருப்பின் புதிய வாஷரும் விரைவில் கெடும். அப்பொழுது இருக்கையைச் செப்பனிடுதலோ குழாயையே மாற்றுதலோ தக்கது.

4. கைப்பிடியருகே கசிந்தால், அங்குள்ள நட்டைச் சிறிதளவு இறுக்கிப் பார்த்தல் போதும். நிற்காவிடில் அடைப்பு நூலை மாற்ற வேண்டும்.

கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்கள் சிலவற்றில் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் உள்ளன. மணல் புகின் இவை கீறலுறும். பழுதுற்றால் உட்பகுதியை முழுமையாக மாற்றுவதே வழக்கம்.

கேட் வால்வு முற்றிலும் திறந்தோ முற்றிலும் மூடியோ இருத்தல் வேண்டும். பாதி திறந்து நீரின் அளவைக் குறைத்தால், கதவு அதிர்ந்து தேயும். சில மாதங்களுக்கொருமுறை மூடித் திறக்காவிடில், அது இறுகி, அவசர காலத்தில் உதவாது. புது வால்வில் அம்புக்குறி இருப்பின், அது நீரோட்டத் திசையை நோக்கியிருத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் பள்ளியில் சொட்டும் குழாயின் கீழ் அளவுக்குவளை ஒன்றை வைத்து, பத்து நிமிடத்தில் சேரும் நீரை மாணவர்களைக்கொண்டு அளந்து, ஆண்டு இழப்பைக் கணக்கிடச் செய்யலாம். களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் செல்லும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும்: தலை வால்வு எளிதில் திரும்புகின்றதா, குழாயின் வாய் வாளியின் விளிம்புக்கு மேலே உள்ளதா, நீர் நின்றபின் குழாய் மூடப்படுகின்றதா. சிறிய வாஷர் ஒன்றைக் காலத்தில் மாற்றுதல், நீரை மட்டுமன்றித் தெருவின் ஆரோக்கியத்தையும் காப்பதாகும்.